இருபதுக்கு இருபது

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?"

தடுப்பூசி போடும் அறையில் நர்ஸ் இப்படிக் கேட்டபோது, கேட்ட வாய் மூடுவதற்குள் "திரும்புவாளே" என்று சொல்லிவிட்டாள் ஜெராக்ஸ் அக்கா. சொன்னது பொய். நர்ஸின் பேனா ஒரு கட்டத்துக்கு மேலே டிக் போடக் காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும் பேனாவைக் கண்டால் அவளுக்கு என்றைக்குமே கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒன்பதாம் வகுப்பில் இப்படித்தான், வாய்மொழித் தேர்வுக்கு எழுந்து நின்றவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசாமலே உட்கார்ந்தவள், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. அன்றைக்கு வாயைத் திறக்காமல் கெட்டாள். இன்றைக்குத் திறந்து கெட்டாள்.

அவளுடைய இரண்டேகால் வயது மகள் மொட்டு, அந்த நேரத்தில் மருந்துத் தள்ளுவண்டிக்கு அடியில் குந்திக்கொண்டு அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் குனிந்து, "மொட்டு!" என்றாள். சக்கரம் சுற்றியது. "மொட்டுக் கண்ணு!" என்றாள். சக்கரம் சுற்றியது. ஊசி குத்தியபோதுகூடக் குழந்தை சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அழுதாள்.

நர்ஸ் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"அடுத்த மாசம் நாலாந்தேதி டாக்டரைப் பாத்துடுங்க. அதுக்குள்ள வீட்ல எல்லாரும் உக்காந்து, இதை நிதானமா பூர்த்தி பண்ணிக் கொண்டு வாங்க. உள்ளது உள்ளபடி எழுதினா போதும். சீக்கிரம் தெரிஞ்சா சீக்கிரம் உதவலாம், அவ்வளவுதான்."

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அது எப்பேர்ப்பட்ட வீடு என்று நர்ஸுக்குத் தெரிய நியாயமில்லை.

கீழ்த்தளம் முழுக்க டியூஷன் சென்டர். மேல்தளத்தில் குடும்பம். வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று ஆள் உயரத்துக்குப் பலகை. நடத்துகிறவர் அவளுடைய கணவனின் அண்ணன். எந்தப் பள்ளிக்கும் எந்தக் காலத்திலும் அவர் தலைமை தாங்கியதில்லை. ஆனாலும் ஊருக்கெல்லாம் அவர் பிரின்சிபால். கட்டிய மனைவியே அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த மனைவி அங்கே இலக்கண டீச்சர். தம்பி, அதாவது மொட்டுவின் அப்பா, கணக்கு வாத்தியார்.

இத்தனை படித்தவர்களுக்கு நடுவில் ஒன்பதாம் வகுப்பு எப்படி வந்து சேர்ந்தது என்றால், மாடிப்படிக்கு அடியில் இருந்த நகல் இயந்திரத்தை ஓட்ட வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள், "சார், ஏழாவது கேள்வியும் பத்தொம்பதாவது கேள்வியும் ஒண்ணேதான். நம்பர் மட்டும் மாத்திப் போட்டிருக்கு" என்று கணக்கு வாத்தியாரிடம் தாளை நீட்டினாள். பதினொரு வருஷமாக அந்தக் கேள்வித்தாளை வைத்துப் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்த மனுஷன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். பின்னே கல்யாணம் நடக்காமல் என்ன செய்யும்?

இயந்திரத்தின் முன்னால் நிற்பவளுக்குப் பார்ப்பதுதான் வேலை. கோணலாக வரும் தாள், விட்டுப்போன பக்கம், ஓரத்தில் விழும் கறுப்புக் கோடு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண் எட்டு மாதமாக மொட்டுவையும் பார்த்துக்கொண்டிருந்தது. மொட்டு கரும்பலகைக்குக் கீழே சிந்திய சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைப்பாள். ஒன்று நகர்ந்தால் வீடு இரண்டுபடும். மின்விசிறி ஓடினால் அதன் கீழே நுனிக்காலில் நடப்பாள். ஒன்றரை வயதில் சொல்லிக்கொண்டிருந்த 'தா', 'போ' இரண்டும் எங்கேயோ போய்விட்டன. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க மாட்டாள், காட்டவும் மாட்டாள். அம்மாவின் கையை ஒரு கரண்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் குழாயில் கொண்டுபோய் வைப்பாள்.

கதவு விஷயம் வேறு இருந்தது. பிரின்சிபாலுக்கு எந்தக் கதவையும் முழுதாகச் சாத்திப் பழக்கமில்லை. வகுப்பில் யார் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வசதியாக, எல்லாக் கதவையும் ஒரு சாண் திறந்தே விட்டுப் போவார். மொட்டுவுக்கோ கதவு என்றால் 'டக்' என்று கொண்டி விழ வேண்டும். விழாவிட்டால் புரண்டு புரண்டு அழுவாள். தானே போய்த் தள்ளி, டக் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். 'காற்றோட்டம் பிடிக்காத குழந்தை' என்று தீர்ப்புச் சொன்ன பிரின்சிபால், பழக்கப்படுத்துவதற்காகக் கதவை இன்னும் நாலு விரல் கூடுதலாகத் திறந்து வைத்தார்.

கண்டதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வராது. வீணாய்ப்போன கேள்வித்தாள்களின் முதுகுப்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? அவற்றைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து நோட்டாக்கி, தேதி போட்டு எழுதி, மைப்பொடி டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு வந்தாள்.

படிவத்தைப் பிரின்சிபால் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு பக்கமும் புரட்டினார்.

"இருபது கேள்வி. ஆம், இல்லை. நெகட்டிவ் மார்க் உண்டா?"

"தெரியல மாமா."

"சாய்ஸ்?"

"இல்ல மாமா."

"நாலாந்தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள் முழுசா கிடக்கு. இதுக்காடீம்மா கப்பல் கவுந்த மாதிரி மூஞ்சியை வச்சிருக்கே? அஞ்சு நாள்ல இயற்பியல் முடிச்சுக் கொடுத்தவன் நான்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இது பரிட்சை இல்ல மாமா. அவ என்ன பண்றாளோ, அதை அப்படியே எழுதணும்."

"எல்லாப் பரிட்சையும் அதுதான். பண்றதை எழுதினா முப்பத்தஞ்சு மார்க். பண்ண வேண்டியதை எழுதினா நூறு. ஒம்பதாவதோட நின்னவளுக்கு இது எப்படிப் புரியும்?"

அவள் கணவனைப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றார். அந்த 'இது' எது என்று அவருக்கே தெரியாது. மகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும் என்று ஒரு பயம்.

மறுநாள் காலை குளிர்பதனப் பெட்டியின் கதவில் கால அட்டவணை ஒட்டப்பட்டது. பெயருக்குத் திரும்புதல், கணக்கு வாத்தியார், காலை ஏழு முதல் எட்டு. விரலால் சுட்டிக் காட்டுதல், இலக்கண டீச்சர், எட்டு முதல் ஒன்பது. பாவனை விளையாட்டு, பிரின்சிபால் நேரடி மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு.

இலக்கண டீச்சர் கரும்பலகைக் குச்சியோடு வந்தாள். "மொட்டு, அங்க பாரு, விசிறி! விசிறி எங்க? காட்டு!" மொட்டு பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையைத் தூக்கி, விசிறியின் சுவிட்சில் வைத்தாள்.

"பிரின்சிபால்! காட்டிட்டா!"

"யார் விரல்?"

"என் விரல்தான்."

"அப்ப அரை மார்க்" என்றார் பிரின்சிபால்.

அவருடைய பாடம் இன்னும் கஷ்டமானது. குழந்தை வெறும் தம்ளரில் குடிப்பதுபோலப் பாவனை செய்து விளையாட வேண்டுமாம். செய்து காட்டுவதற்காக அவர் தினமும் ஒரு மணி நேரம் வெறும் தம்ளரை அண்ணாந்து உறிஞ்சி, "ஆஹா!" என்றார். மொட்டு தம்ளரை வாங்கித் தரையில் கவிழ்த்துப் பம்பரமாகச் சுற்றிவிட்டாள். அவர் விடவில்லை. இப்படியே பதினைந்து நாள் போனது. ஒருநாள் காலை இலக்கண டீச்சர் ஏதோ ஞாபகத்தில் வெறும் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டாள். அவரும் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னைக்கு சர்க்கரை கம்மி" என்றார். பாவனை விளையாட்டில் அந்த வீட்டில் ஒருவராவது தேறினார்.

பெயர் கூப்பிடும் வகுப்பில் கணக்கு வாத்தியார் எல்லா வழியையும் பார்த்துவிட்டார். அருகில் நின்று கூப்பிட்டார், தூரத்தில் நின்று கூப்பிட்டார், பத்து டிகிரி நகர்ந்து நகர்ந்து வட்டமாகக் கூப்பிட்டு வரைபடம் போட்டார். கடைசியில் பிரின்சிபால், மாலை வகுப்பில் இருந்த நாற்பது பேரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்றார். "மொட்டூ!" என்று நாற்பது தொண்டை கிழிந்தது. எதிர்வீட்டு நாய் திரும்பியது. தெருவில் போன தபால்காரர் திரும்பினார். மொட்டு காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போனாள்.

அந்தச் சத்தம்தான் விளம்பரமாகிவிட்டது. இதே படிவத்தை வாங்கி வந்திருந்த இன்னும் சில பெற்றோர் மோப்பம் பிடித்து வந்தார்கள். பிரின்சிபால் அவர்களைத் திருப்பி அனுப்புவாரா? 'மழலையர் சிறப்புப் பிரிவு' தொடங்கிவிட்டார். ஆறு குழந்தைகள். இரண்டு பேருக்கு நாற்காலியில் உட்காரும் உயரம் இல்லை; ஒருவன் வருகைப் பதிவேட்டைத் தின்றான். ஐந்து மாதிரி வினாத்தாள்கள், விடைகளுடன் கூடிய கையேடு, முக்கியக் கேள்விகள் தடித்த எழுத்தில். எல்லாவற்றையும் நகல் எடுத்து அடுக்கியவள் ஜெராக்ஸ் அக்காதான். இயந்திரத்தின் வெளிச்சம் போய் வந்துகொண்டிருக்க, 'ஆம், ஆம், ஆம்' என்று தாள் தாளாக வெளியே வந்து விழுந்தது.

கையேடு வாங்க வந்த ஒரு தையல்காரப் பெண், தாளை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க பொண்ணு நிஜமாவே திரும்புதாக்கா?"

ஜெராக்ஸ் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

"என் பையனும்தான்" என்றாள் தையல்காரப் பெண். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வீட்ல சொன்னா, உனக்குத்தான் கோளாறுன்னு என்னையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. இதைப் படிச்சா, இவன் பாஸாகிடுவானாக்கா?"

"ஆயிடுவான்னுதான் பயமா இருக்கு."

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளே திகைத்துப்போனாள். ஆனால் அதுதான் விஷயம். மொட்டு பாஸாகிவிட்டால், டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். இருபதுக்கு இருபதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மொட்டு பெஞ்சுக்கு அடியிலேயே இருப்பாள்.

நாலாந்தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது விபரீதம் நடந்தது. கணக்கு வாத்தியார் புதுச் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தார். மூடி 'கிரிச்' என்றது. அறையின் அந்தக் கோடியில் விசிறிக்குக் கீழே நடந்துகொண்டிருந்த மொட்டு, சட்டென்று தலையைத் திருப்பி அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் மூடித் திறந்தார். மறுபடியும் பார்த்தாள். பத்துக்குப் பத்து.

பிரின்சிபால் துள்ளிக் குதித்தார். "போதும்! நான் 'மொட்டு'ன்னு கூப்பிடுறப்ப, நீ பாக்கெட்டுக்குள்ள வச்சு மூடியைத் திற. அவ திரும்புவா. டாக்டர் டிக் போடுவார். முடிஞ்சது."

"அண்ணே, அது காப்பி அடிக்கிறதாச்சே?" என்றார் கணக்கு வாத்தியார். பக்கத்துப் பையனின் பென்சிலை எட்டிப் பார்த்தான் என்பதற்காகவே ஒரு பையனை ஒரு வாரம் வெளியே நிறுத்தியவர் அவர்.

"காப்பி இல்லடா. துணைக்கருவி."

நாலாந்தேதி ஒரு வாடகை வேனில் குடும்பமே போனது. பிரின்சிபால் கழுத்தில் டை கட்டியிருந்தார். இலக்கண டீச்சர் இரண்டு பேனா, ஒரு தண்ணீர்ப் புட்டி, நுழைவுச்சீட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். நுழைவுச்சீட்டு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் உறை இருந்தது. கணக்கு வாத்தியாரின் சட்டைப் பையில் சாக்பீஸ் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் அக்காவின் துணிப்பையில், மொட்டுவின் மாற்றுச் சட்டைக்கு அடியில், ஸ்டேப்ளர் அடித்த அந்த நோட்டு இருந்தது. எடுத்து வந்தாளே தவிர, நீட்டுவாளா என்பது அவளுக்கே தெரியாது.

டாக்டர் நடுவயதுப் பெண். மேசை இருந்தது; அவர் அதன் முன்னால் உட்காரவில்லை. தரையில் ஒரு பாயில், மரக்கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பிரின்சிபால் டையோடு நின்றார். நின்றபடியே, தானே இருபதுக்கும் 'ஆம்' போட்டிருந்த படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

டாக்டர் படித்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

"இருபதும் சரியா இருக்கே. இவ்வளவு அழகான படிவத்தை நான் பாத்ததே இல்ல சார்."

"எங்க நிறுவனத்தோட வழக்கமே அதுதான் மேடம்."

"அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"லேமினேட்டும் பண்ணியிருக்கோம்" என்றாள் இலக்கண டீச்சர்.

மொட்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, மரக்கட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கத் தொடங்கியிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

பிரின்சிபால் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மொட்டு!"

கணக்கு வாத்தியாரின் கை சட்டைப் பைக்குப் போனது. கட்டைவிரல் மூடியின் விளிம்பில் நின்றது. வியர்வை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

அப்போது அந்தக் கையின் மேல் இன்னொரு கை வந்து அழுத்தியது. மைப்பொடி கறுத்த விரல்கள்.

"மொட்டு!" என்றார் பிரின்சிபால், பல்லைக் கடித்துக்கொண்டு. "டேய், மொட்டு!"

டாக்டரின் பேனா அவருடைய குறிப்புத்தாளில் ஒரு கட்டத்துக்கு மேலே காத்திருந்தது. ஜெராக்ஸ் அக்காவுக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பு பெஞ்சு, வாத்தியார், நாற்பது முகம் எல்லாம் வந்து நின்றன. அவள் பேனாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். மொட்டு நாலாவது கட்டையை வைத்துவிட்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"திரும்ப மாட்டா டாக்டர்" என்றாள். "எட்டு மாசமா திரும்பல. அன்னைக்கு நர்ஸம்மாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். இந்தப் படிவமும் அப்படித்தான்."

"என்னம்மா உளறுறே?" என்றார் பிரின்சிபால். "மேடம், இவ ஒம்பதாவதுகூட..."

அவள் நோட்டை எடுத்து நீட்டிவிட்டாள். டாக்டர் வாங்கினார். ஒரு பக்கம் முக்கோணவியல், புரட்டினால் மொட்டு. அவர் அவசரப்படாமல் படித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, ஒரு பகுதியை வாய்விட்டே வாசித்தார்.

"'இன்னைக்கும் பெரியப்பா கதவை ஒரு சாண் திறந்து வச்சிட்டுப் போயிட்டார். மொட்டு அழுதா. இதோட நாப்பத்தோரு தடவை. டக்குன்னு சத்தம் கேட்டா அவளுக்கு உலகம் சரியாயிடுது. யாராவது சொன்னா பெரியப்பா மூடிடுவார். எனக்குத்தான் சொல்ல வரல.'"

இலக்கண டீச்சர் பிளாஸ்டிக் உறையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

கணக்கு வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். குனிந்து, அதைப் பாயில் மகளுக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்தார். மொட்டு திரும்பிப் பார்த்தாள். அவர், "இதுக்குத்தான் டாக்டர் திரும்புவா, பேருக்கு இல்ல" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுமே எனக்கு வேணும்" என்றார் டாக்டர். "எதுக்குத் திரும்புறா, எதுக்குத் திரும்பல, ரெண்டும். காது முதல்ல ஒரு தடவை பரிசோதிக்கணும். அப்புறம் இவளை இன்னும் ரெண்டு மூணு தடவை நான் பாக்கணும். ஆட்டிசமா இருக்கலாம்னு தோணுது. பாத்துட்டு உறுதியா சொல்றேன். ஆனா உதவியை அதுவரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே ஆரம்பிச்சுடலாம். அம்மா, இந்த நோட்டை நிறுத்தாம எழுதிட்டே வாங்க."

அவள் தலையாட்டினாள். வாசல்வரை வந்துவிட்ட இன்னொரு வார்த்தையும் வெளியே வந்தது. "இன்னொருத்தங்களையும் கூட்டிட்டு வரட்டுமா? தையல் கடை வச்சிருக்காங்க. அவங்க பையன்..."

"கூட்டிட்டு வாங்க."

பிரின்சிபால் இத்தனை நேரமும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். டை இறுகிவிட்டதுபோல ஒரு விரலை உள்ளே விட்டுத் தளர்த்தினார்.

"அப்ப..." என்றார். "பெயிலா மேடம்?"

"இங்க பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது சார்."

அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று அவர் வாழ்க்கையில் எண்ணிப் பார்த்ததில்லை. மேசையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். இருபதுக்கு இருபது வாங்கிய அந்த லேமினேட் தாள் விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மொட்டு ஒரு சாக்பீஸை எடுத்து, ஐந்தாவது கட்டை வர வேண்டிய இடத்தில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. அதைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார். எதற்கும் மதிப்பெண் சொல்லாமல் நகர்ந்து பழகாத மனுஷர், ஒன்றும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டார்.

திரும்பிக் கதவுவரை நடந்தார். வெளியே போய்க் கதவை இழுத்தார். ஒரு சாண் இடைவெளியில் அவர் கை வழக்கப்படி நின்றது. ஜெராக்ஸ் அக்கா மகளை அள்ளிக்கொள்ளத் தயாராகக் கையை நீட்டினாள்.

டக்.

மொட்டு தலை நிமிரவில்லை. ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பிரின்சிபாலின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போயிற்று.